விடிய இரண்டு மணி நேரம் இருக்கையில்

"சேவக்கோழி கூவாம வேற என்ன தம்பி செய்யும்?"

பக்கத்து வீட்டு அக்கா இதைக் கோபமாகக் கேட்கவில்லை. வாசல் தெளித்த வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ள விரும்பியவர் போலத்தான் கேட்டார். மூன்று வாரமாக அதிகாலை நாலு மணிக்கு விழித்துக்கொண்டு, ஒத்திகை பார்த்துத் தயாரித்த வாக்கியங்களோடு போயிருந்த எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. சேவல் ஏன் கூவுகிறது? ஏன் அந்த நேரத்தில்? கூவாமல் இருக்க அதனால் முடியுமா? அன்று வீடு திரும்பியபோது தூக்கம் கெட்ட எரிச்சலைவிட இந்தக் கேள்விகள்தான் பெரிதாக இருந்தன. இந்த அத்தியாயம் அங்கிருந்து வந்தது.

நாங்கள் இருப்பது மதுரைக்கு வெளியே, பதினைந்து வருடத்துக்கு முன்பு வயலாக இருந்து பிளாட்டாக மாறிய ஒரு காலனி. அக்காவின் குடும்பம் அதற்கும் முன்பிருந்தே அங்கே இருக்கிறது. நான்கு பெட்டைகள், மூன்று சேவல்கள். இரவில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பார்கள். பஞ்சாரம் இருந்தது மதில் ஓரம். அந்த மதிலுக்கு இந்தப் பக்கம் என் படுக்கையறை ஜன்னல்.

சூரியனைப் பார்த்துச் சேவல் கூவுகிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் நாலு மணிக்குச் சூரியன் எங்கே இருக்கிறது? கிழக்கே வெளுப்புக்கூடத் தட்டியிருக்காது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தின் ஷிம்முரா, யோஷிமுரா என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். சேவல்களை ஓர் அறையில் வைத்து, பாதி நாள் விளக்கு, பாதி நாள் மங்கல் என்று பழக்கினார்கள். விளக்கு எரிவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே அவை கூவத் தொடங்கின. பிறகு விளக்கை எரியவிடவே இல்லை. இரவும் பகலும் ஒரே மங்கல். அப்போதும் நாளுக்கு ஒருமுறை, தங்கள் கணக்குப்படியான 'விடியலுக்கு' முன் சேவல்கள் கூவின. வெளியே எந்தத் தடயமும் இல்லாத நிலையில் அவற்றின் நாள் 24 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. நாள்கள் செல்லச் செல்ல ஒழுங்கு தளர்ந்ததே தவிர, உடனே நின்றுவிடவில்லை.

அதாவது சேவல் விடியலைப் பார்ப்பதில்லை, எதிர்பார்க்கிறது. அதன் மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. நமக்குள்ளும் அதே போன்ற ஒன்று ஓடுகிறது. அலாரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே கண் விழித்துக்கொள்கிறவர்களுக்கு அது தெரியும்.

வெளிச்சத்துக்கும் இதில் பங்கு உண்டு. திடீரென்று விளக்கைப் போட்டாலோ வேறொரு சேவலின் குரலை ஒலிபரப்பினாலோ சேவல் கூவும் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆனால் அந்தத் தூண்டுதல் எந்த நேரத்தில் வருகிறது என்பது முக்கியம். உடற்கடிகாரம் விடியலை நெருங்கும்போது தூண்டுதலுக்கு வலுவான பதில் கிடைக்கிறது. மற்ற நேரங்களில் அவ்வளவு இல்லை. பால் வண்டியின் முகப்பு விளக்கு நாலரை மணிக்கு மதிலைத் தடவிப் போகும்போது எங்கள் தெருவே கூவுவதற்கும், இரவு பத்து மணிக்கு அதே போன்ற வெளிச்சம் பட்டும் பஞ்சாரம் பேசாமல் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

யார் முதலில் கூவுவது என்பதிலும் ஒழுங்கு இருக்கிறது. 2015இல் அதே குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சேவல்களைச் சேர்த்து விட்டால் கொத்திச் சண்டையிட்டு, யார் பெரியவர் என்பதை முடிவுசெய்துகொள்கின்றன. அதற்குப்பின் விடிகாலையில் முதற்குரல் எப்போதும் தலைமைச் சேவலுடையது. அடுத்தது இரண்டாமவர், பிறகு மூன்றாமவர். கீழே இருப்பவை, தங்கள் கடிகாரம் எதைச் சொன்னாலும், தலைவனுக்காகக் காத்திருக்கின்றன. தலைவனை அகற்றிவிட்டால்? இரண்டாமிடத்துச் சேவல் முதற்குரலை எடுத்துக்கொள்கிறது. ரொம்பக் கூவுகிற சேவலை விற்றுவிட்டால் தெருவில் அமைதி வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். போனது ஒரு சேவல்தான். அந்த இடம் காலியாக இருப்பதில்லை.

காட்டில் இந்த ஏற்பாட்டுக்குப் பொருள் இருந்தது. நம் வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி தெற்காசியா, தென்கிழக்காசியாவின் புதர்க்காடுகளில் வாழ்கிறது. அடர்ந்த மூங்கிலுக்கு நடுவே பார்வை எட்டாது, குரல் எட்டும். 'இந்த இடம் என்னுடையது, நான் உயிரோடு இருக்கிறேன்' என்பதைச் சண்டையின்றிச் சொல்லும் வழி அது. மனிதன் நெல் விளைவிக்கத் தொடங்கியபோது சிந்திய தானியத்துக்காகக் கோழி காட்டை விட்டு இறங்கி வந்தது என்று 2022இல் வெளியான ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டுக்கோழி என்று உறுதியாகச் சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை. மூவாயிரத்து இருநூறு வருடங்களுக்கும் மேல் பழையவை. காட்டில் சேவலுக்குச் சேவல் இடைவெளி இருந்தது. நம் காலனியில் மூன்று வீட்டுக்கு ஒரு சேவல். ஒவ்வொன்றும் மற்றதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டிய தூரத்தில் நாம் அவற்றைக் குடிவைத்திருக்கிறோம்.

அக்காவின் கேள்விக்கு இன்னும் பழைய விடை ஒன்று உண்டு. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னால்ட் பெர்த்தோல்ட் ஆறு இளம் சேவல்களை எடுத்துக்கொண்டு விதையகற்றினார். இரண்டை அப்படியே விட்டார். மற்ற நான்கின் வயிற்றுக்குள் விதையைத் திரும்ப வைத்தார். இரண்டுக்கு அவற்றின் சொந்த விதை, இரண்டுக்கு ஒன்றின் விதை இன்னொன்றுக்கு. வெறுமனே விடப்பட்டவை சிறு கொண்டையோடு சாதுவாக வளர்ந்தன. சேவலுக்குரிய கூவல் வரவில்லை. மற்ற நான்கும் கொண்டை சிவந்து, சண்டையிட்டு, கூவித் திரிந்தன. பிறகு அறுத்துப் பார்த்தபோது, வைத்த விதைக்கு நரம்புத் தொடர்பு ஏதும் இல்லை; புதிய ரத்தக் குழாய்கள் மட்டும் வளர்ந்திருந்தன. ஆகவே விதையிலிருந்து ஏதோ ஒரு பொருள் ரத்தம் வழியாகவே போய்ச் சேவலைச் சேவலாக்குகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அந்தப் பொருளுக்கு 1935இல்தான் டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வந்தது. இன்றைய ஹார்மோன் மருத்துவத்தின் முதல் கதவு ஒரு சேவலின் குரலால் திறக்கப்பட்டது.

கூவும் ராகத்தையும் சேவல் யாரிடமும் கற்பதில்லை. மைனா வேறு, இது வேறு. 1988இல் பலபான், தெய்யே, லெ துவாரன் மூவரும் கோழிக் கருவின் மூளையில் சில பகுதிகளை எடுத்துவிட்டு, அங்கே காடைக் கருவின் பகுதிகளைப் பொருத்தினார்கள். பொரித்து வந்த குஞ்சுகளில் சில, உருவத்தில் கோழியாக இருந்தும் காடையின் ஒழுங்கில் கூவின. ராகம் மூளைத் திசுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. திட்டியோ பழக்கியோ அதை மாற்ற முடியாது. வேற என்ன செய்யும் என்ற கேள்விக்கு, 'வேறொன்றும் செய்யாதுக்கா' என்பதே விடை.

இனி அந்தக் குரலின் பலம். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தினர் சேவலின் தலையில் காதருகே நுண்ணிய மைக் ஒன்றைக் கட்டி அளந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சேவலின் கூவல் அதன் காது வாசலில் 142.3 டெசிபலைத் தொட்டது. மனிதக் காதுக்கு 120, 130 டெசிபலிலேயே வலி எடுத்துவிடும். அப்படியானால் சேவல் தன் குரலால் தானே செவிடாகாதா? ஆகாது. அலகை முழுதாகத் திறக்கும்போது அதன் காதுத் துளை அடைபடுகிறது. மென்மையான திசு செவிப்பறையின் பாதியை மூடிக்கொள்கிறது. கூவத் தெரிந்த பிறவிக்கே பஞ்சு வைத்துக்கொள்ளவும் தெரிந்திருக்கிறது. போதாததற்குப் பறவைகளின் உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் பழுதானால் மறுபடி வளரும். நமக்கு ஒவ்வொரு காதிலும் பிறக்கும்போது கிடைத்த சுமார் 15,000 மயிர்ச்செல்கள்தான். போனால் போனதுதான்.

மதிலுக்கு இந்தப் பக்கம் படுத்திருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதோடு, சேவல் தேர்ந்தெடுக்கும் வேளை அவருக்கு எல்லா வகையிலும் பாதகமானது.

நாம் ஒரே ஆழத்தில் இரவு முழுவதும் தூங்குவதில்லை. ஏறக்குறைய தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாகத் தூக்கம் இறங்கி ஏறுகிறது. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி முன்னிரவிலேயே முடிந்துவிடும். பத்து மணிக்குப் படுத்தவர் பன்னிரண்டு மணிக்கு இடி இடித்தாலும் புரண்டு படுப்பார். நாலு மணிக்கு அவருக்கு மிஞ்சியிருப்பது கனவுகள் நிறைந்த, மேலோட்டமான தூக்கம். சின்னத் தட்டலுக்கே அது கலைந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் சேவலின் கடிகாரம் அடிக்கிறது.

அடுத்தது காற்று. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை வெப்பத்தை இழந்து குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருக்கும். ஒலி சூடான காற்றில் வேகமாகப் போகும். ஒரு டிகிரி கூடினால் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடுகிறது. அதனால் மேல்நோக்கிப் போகும் ஒலி அலை வளைந்து மீண்டும் தரைக்கே இறங்குகிறது. பகலில் இது தலைகீழ்: சூடான தரை ஒலியை மேலே வளைத்து அனுப்பிவிடுகிறது. மத்தியானம் கேட்காத ரயில் சத்தம் விடிகாலையில் பக்கத்தில் கேட்பது போலத் தோன்றுவது இதனால்தான். அதோடு, அந்த வேளையில் பேருந்து இல்லை, மிக்ஸி இல்லை, டீக்கடைப் பாட்டு இல்லை. மூடிமறைக்க வேறு ஓசை எதுவும் இல்லாத வெறுமையில் அந்த ஒற்றைக் குரல் விழுகிறது. காட்டுக்கோழிக்கு இந்த நேரத்தில் கூவியது லாபம். குறைந்த மூச்சில் நெடுந்தூரம்.

சட்டம் இதை எப்படி அளக்கிறது என்று பார்ப்போம். இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஒரு மீட்டர் தூரத்தில் சேவலின் குரல் 100 டெசிபல் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 4 மீட்டரில் 88. 32 மீட்டரில், அதாவது அடுத்த தெரு ஜன்னலில், 70. இரண்டு நொடிக் கூவல், நாலு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் இருபது முறை என்றால் மொத்தம் நாற்பது நொடி. ஆனால் விதி கேட்பது உச்சத்தை அல்ல, சராசரியை. நாற்பது நொடியின் 70 டெசிபலை எட்டு மணி நேர இரவு முழுவதற்கும் பரப்பினால் கிடைப்பது ஏறக்குறைய 41 டெசிபல். வரம்புக்கு உள்ளே! இருபது முறை திடுக்கிட்டவரிடம் அளவுமானி 'அமைதியான இரவு' என்று சொல்லும்.

உறங்குகிற மூளை சராசரி பார்ப்பதில்லை. மின்விசிறியின் இரைச்சலிலும் அருவியின் ஓரத்திலும் நாம் தூங்கிவிடுகிறோம். அங்கே மாற்றம் இல்லை. நிசப்தத்திலிருந்து ஒரு நொடியில் உச்சத்துக்கு ஏறும் ஒலியைத்தான் மூளை ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட இரவு ஒலி வழிகாட்டி இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது: அறைக்குள் ஓர் ஒலியின் உச்சம் 42 டெசிபலைத் தொட்டாலே உறக்கம் கலையத் தொடங்குகிறது என்றது. புழுக்கத்துக்காக ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கும் நம் வீடுகளில் வெளியே 70 என்றால் உள்ளே 55க்குக் குறையாது. பழகிவிடும் என்பார்கள். பாதி உண்மை. சில வாரங்களில் விழிப்பது குறைகிறது. ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் தூக்கத்திலேயே இதயத் துடிப்பு எகிறுவது அவ்வளவு சுலபமாகக் குறைவதில்லை. அக்கம்பக்கத்தார் குறை சொல்லும்போது அது வெறும் பிடிவாதம் என்று ஒதுக்குவது தவறு என்று நான் கருதுவது இதனால்தான்.

ஆனால் டெசிபலோடு விஷயம் முடிவதில்லை. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையை இங்கே சொல்ல வேண்டும். இரு குழுவினருக்கும் ஒரே இரைச்சல். ஒரு குழுவிடம் மட்டும் ஒரு பொத்தான் கொடுத்து, 'தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், நின்றுவிடும். ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது' என்றார்கள். பெரும்பாலும் யாரும் அழுத்தவில்லை. இரைச்சல் முடிந்தபின் கொடுத்த வேலைகளில் பொத்தான் இருந்தவர்கள் அதிக நேரம் பொறுமையாக முயன்றார்கள், குறைவாகப் பிழை செய்தார்கள். காதில் விழுந்தது ஒன்றுதான். நிறுத்த வழி இருக்கிறது என்ற நினைப்பு மட்டுமே வேறுபாடு.

இதைப் படித்தபின் பிரான்சின் மொரிஸ் வழக்கை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். மொரிஸ் ஒரு சேவல். மேற்குக் கடற்கரையில் ஒலெரோன் தீவின் சேன் பியேர் ஊரில் வளர்ந்தது. பக்கத்தில் விடுமுறை வீடு வைத்திருந்த, லிமோஜ் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தம்பதி, விடிகாலைக் கூவலைத் தாங்க முடியாமல் வழக்குப் போட்டார்கள். வளர்த்தவர் பக்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். இது நாட்டுப்புறம் என்றார் ஒருவர். இல்லை, இது வீடுகள் நிறைந்த குடியிருப்பு என்றார் மற்றவர். வயலா பிளாட்டா, யார் முதலில் வந்தது என்று எங்கள் காலனியில் நடக்கும் அதே வாதம். 2019 செப்டம்பர் 5 அன்று ரோஷ்ஃபோர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்து, தம்பதி 1,000 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்றது. 2021 ஜனவரியில் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றி, நாட்டுப்புறத்தின் ஓசைகளையும் மணங்களையும் பாதுகாக்க வேண்டிய மரபில் சேர்த்தது. அதற்குள் மொரிஸ் 2020இல் நோயில் இறந்துபோயிருந்தது.

அந்தத் தீர்ப்பை உலகமே கொண்டாடியது. எனக்கும் சேவல் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் வழக்கு முடிந்த மறுநாள் விடிகாலை அந்தத் தம்பதி எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இருந்த ஒரே பொத்தானும் அவர்கள் கையை விட்டுப் போயிருந்தது.

கேரளத்தின் அடூரில் 2025இல் நடந்தது சின்ன விஷயம். எனக்கு அதுதான் பயனுள்ளதாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டுச் சேவல் விடிகாலை மூன்று மணிக்குக் கூவுகிறது என்று வயதான ஒருவர் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தார். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கோழிகள் வீட்டின் மேல்தளத்தில் இருந்தன. சேவலை அகற்று என்றும் சொல்லவில்லை, பொறுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. கூட்டை இடத்தின் தென்பக்கத்துக்கு 14 நாளில் மாற்றச் சொன்னார்கள். மேலேயிருந்து வரும் ஒலிக்கு மதிலும் சுவரும் குறுக்கே நிற்பதில்லை. கீழே, வீட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டால் தூரமும் கூடும், கட்டடமே திரையாகவும் நிற்கும். இயற்பியல் தெரிந்த உத்தரவு.

நானும் அக்காவிடம் மறுபடி போனேன். இந்த முறை சேவலைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. பஞ்சாரத்தைப் பற்றிக் கேட்டேன். ஜன்னலிலிருந்து நாலு மீட்டரில் இருக்கிறது, பின்பக்கத் துவைகல் ஓரத்துக்குப் போனால் பதினாறு மீட்டர், அதிலேயே 12 டெசிபல் போய்விடும், நடுவில் உங்கள் வீடு வேறு நிற்கும் என்றேன். டெசிபல் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, துவைகல் புரிந்தது. "அங்க பூனை வரும்ல?" என்றார். அவர் மகனும் நானுமாகப் பழைய கம்பி வலையை மூங்கிலில் கட்டினோம். இரவில் மேலே இரட்டைச் சாக்கு போடுவதாகவும் பேச்சு. சாக்கு பாதிதான் உதவும் என்பதையும் சொல்லிவிட்டேன். பால் வண்டி வெளிச்சத்தை அது தடுக்கும். உள்ளே ஓடும் கடிகாரத்தைத் தடுக்காது. சேவலின் கழுத்தில் பட்டை கட்டிக் குரலை அமுக்கும் வழியும் ஒன்று கடைகளில் விற்கிறது. மூச்சுத் திணறவைக்கும் அதை நான் பேச்சில் எடுக்கவே இல்லை.

முதல் வாரம் இருபது இல்லை, ஏழெட்டுத் தடவை கேட்டது. எங்கோ தள்ளி, சுவருக்கு அப்பால். தலைமைச் சேவலின் முதற்குரல், ஒரு இடைவெளி, பிறகு இரண்டாமவர், மூன்றாமவர் என்று வரிசையைக்கூட எண்ண முடிந்தது.

காலையில் கோலம் போட்டு நிமிர்ந்த அக்கா என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"இன்னைக்குக் கேட்டுச்சா தம்பி?"

"நாலு மணிக்குக் கேட்டுச்சுக்கா. அப்புறம் தூங்கிட்டேன்."